பொருத்தம் பார்த்தல்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் என் கம்ப்யூட்டர் பல்லி சொல்லத் தொடங்கியது.

முதலில் நிஜமான பல்லி என்றுதான் நினைத்தேன். மேஜைக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒன்று வெகு காலமாகக் குடியிருக்கிறது. ஆனால் எந்தப் பல்லியும் இப்படி விடாமல் சொல்லாது. 'டக், டக்' என்று இரண்டு தரம், சற்று நிசப்தம், மறுபடியும் 'டக், டக்'. நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் கதாநாயகி மாமியாருக்குப் பதில் சொல்ல வாயெடுத்திருந்தாள். திரையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். எலியை நகர்த்தினேன், அசையவில்லை. மேஜையைத் தட்டினேன், அதற்கும் அசையவில்லை.

காப்பியோடு வந்த என் மனைவி காது கொடுத்துக் கேட்டாள்.

"எந்தத் திக்கிலேருந்து சொல்லுது? பஞ்சாங்கத்துல பலன் பார்க்கட்டுமா?"

பஞ்சாங்கம் பார்க்காமலே பலன் எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010-ஆம் வருஷம் என் தகப்பனார் வாங்கிக் கொடுத்தது. தபால் இலாகாவில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போனதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. ஆனாலும் என் முதல் புத்தகத்தில் அறுபத்திரண்டு அச்சுப் பிழைகளை எண்ணி, சிவப்பு மசியால் சுழித்துக் கொடுத்துவிட்டு, "நீயே டைப் அடிச்சுக் கொடுத்தால் இவ்வளவு தப்பு வராது" என்று பணத்தை எடுத்து வைத்தார். தெரிந்த பையன் ஒருவன் உதிரி பாகங்களை வாங்கிவந்து எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தான்.

கடைசி இரண்டு வருஷங்களில் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. படிக்க முடியாத மனிதர், பேச ஆரம்பித்தார். சாயங்காலம் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன மைக்கின் முன்னால், திருவையாற்றில் தாம் சிறுவனாக இருந்த நாட்களைச் சொல்வார். நாற்பத்தொரு பதிவுகள். அவர் காலமான பிறகு அவற்றை நான் ஒரு தடவைகூடத் திறந்து கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்பது ஒரு காரணம். எங்கே போய்விடப் போகிறது என்ற எண்ணம் இன்னொரு காரணம். ஆகவே வேறு எங்கேயும் பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெட்கப்பட வேண்டிய இன்னொரு காரியத்தையும் அன்றைக்கே செய்தேன். எப்படியோ மறுபடி உயிர் பெற்ற கம்ப்யூட்டரில், டிஸ்க்கைச் சோதித்துச் சரிப்படுத்தும் கட்டளை ஒன்று உண்டு என்று கண்டுபிடித்து, அதை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போனேன். ராத்திரி முழுவதும் அது அந்த நோயாளியை மேலும் கீழும் ஓட வைத்திருக்கிறது. மாரடைப்பு வந்தவனை மலையேறச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று பிறகு ஒருவர் எனக்குச் சொன்னார்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது ஓர் அதிசயம். கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 7,200 தடவை, அதாவது வினாடிக்கு 120 தடவை, சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை, கிராமபோன் ஊசிபோல, இங்கும் அங்கும் போய்ப் படிக்கிறது. ஆனால் கிராமபோன் ஊசியைப்போல் அது தட்டைத் தொடக் கூடாது; தொட்டால் தீர்ந்தது. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கவேண்டும். தலைமயிரின் கனமோ பல்லாயிரம் நானோமீட்டர். மயிரிழையில் தப்பினான் என்று நான் எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன். இந்தக் கைக்கு மயிரிழை என்பது மலை. தான் போய்ச் சேரவேண்டிய தடம் தெரியாதபோது அந்தக் கை ஆரம்ப இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி போய்த் தேடி, மறுபடி திரும்புகிறது. நான் கேட்ட பல்லி அதுதான். 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக இப்படி ஒரு யந்திரத்தை வெளியிட்டபோது, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை அடுக்கி, அத்தனையிலும் சேர்த்து ஐம்பது லட்சம் எழுத்துக்களைத்தான் வைக்க முடிந்தது. என்னுடையது உள்ளங்கையளவு, அதற்குள் 320 ஜி.பி. இருந்தது. அப்பாவும் இருந்தார்.

என் தமக்கையின் மகனுக்குப் போன் செய்தேன். அவன் என்ஜினீயரிங் படிக்கிறான்.

"மாமா, அந்தப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க. பதினஞ்சு வருஷத்துப் பழசு!"

சொல்வது சுலபம். 2010-இல் தமிழக அரசே யூனிகோடுக்கு மாறிவிட்டது, நான் மாறவில்லை. 1999-இல் வந்த 'டாம்' எழுத்துருவில் கை பழகி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியே ஒன்பது புத்தகங்களை முடித்தவன். மருமானின் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை என் நாவலைத் திறந்து பார்த்தோம். கொம்பெல்லாம் எழுத்தை விட்டுத் தனியே ஓடி, கால்கள் வேறு வரியில் நின்றன. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்றைக்காவது மாறத்தான் வேண்டும். ஆனால் பதினேழாம் அத்தியாயத்தின் நடுவில் அல்ல. விண்டோஸ் 7-க்கு அந்தக் கம்பெனி 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது என்பதும் தெரியும். அதனால்தான் அந்த யந்திரத்தை இணையத்தோடு சேர்ப்பதில்லை. மொத்தத்தில், பழைய வீட்டுக்குள் புது மருமகள் வரவேண்டும். வீட்டை இடிக்கக் கூடாது.

மறுநாள் ரிச்சித் தெருவுக்குப் போனேன். அண்ணா சாலைக்கு அருகில் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. முதலில் தென்பட்ட கடையில், "இருக்கிறதிலேயே நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்று கொடுங்கள்" என்றேன். வாழ்க்கையில் இதைவிட முட்டாள்தனமான வாக்கியத்தை நான் சொன்னது கிடையாது. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான்; ஓர் அழகான சிறிய அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே சூயிங்கம் பட்டைபோல ஒரு பச்சைத் தகடு: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சுழல்வது எதுவும் கிடையாது. உலகத்திலேயே வேகமானது என்றான். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தால், அதைச் செருக இடமே இல்லை. அது எம்.2 என்ற வகை. என் மதர்போர்டு செய்த காலத்தில் அந்த வகையே பிறக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். உறை பிரித்ததைத் திரும்ப வாங்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் ரசீதில் அப்படித்தான் அச்சடித்திருந்தது; நான்தான் படிக்கவில்லை.

கையில் தகட்டோடு தெருவில் நின்ற என்மேல் இரக்கப்பட்டு ஒரு டீக்கடைக்காரர், "மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் ரிப்பேர் பார்க்கிறார், அவர்கிட்டப் போங்க சார்" என்று கைகாட்டினார்.

பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். பழைய டிஸ்க்குகள் அவரைச் சுற்றிச் செங்கல்போல அடுக்கியிருந்தன. என் கதையை முழுவதும் கேட்டார். பிறகு அவர் என்ன டிஸ்க் வேண்டும் என்று கேட்கவில்லை.

"உள்ளே என்ன இருக்கு?"

சொன்னேன்.

"அப்ப டிஸ்க் வாங்கறது அப்புறம். முதல்ல பழசை இனிமே ஓட்டாதீங்க. கரண்டே கொடுக்காதீங்க. கழட்டி, துணியிலே சுத்தி எடுத்துட்டு வாங்க. வரும்போது பெட்டிக்குள்ளே நாலு போட்டோ எடுத்துட்டு வாங்க. மதர்போர்டு மேலே அச்சடிச்ச எழுத்து தெரியணும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேருந்து வர்ற ஒயரெல்லாம் தெரியணும்."

மறுநாள் அந்தப் போட்டோக்களை அவர் பார்த்த விதம் எங்கள் ஊர் ஜோசியர் ஜாதகம் பார்ப்பதுபோலவே இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், 'உம்' என்றார்.

டேட்டா போகும் வாசல் எது என்பதுதான் முதல் பொருத்தமாம். இதைவிடப் பழைய யந்திரங்களில் அகலமான பட்டை ஒயர், நாற்பது ஊசிகள். என்னுடையதில் சாட்டா என்ற மெல்லிய ஒயர், ஏழு முனைகள். "பிழைச்சீங்க" என்றார். இப்போது கடையில் விற்கும் சாட்டா டிஸ்க்கையும் அதில் செருகலாம். புதியது பழைய வாசலுக்குத் தக்கபடி தன் நடையைக் குறைத்துக்கொள்ளும். வினாடிக்கு 550 மெகாபைட் ஓடக்கூடியது, இங்கே 300-க்குள் அடங்கி நடக்கும். அதனால் கெடுதல் இல்லை. பழைய டிஸ்க் அந்த 300-ஐயே கண்டதில்லை.

"நாலு டெராபைட் போட்டுவிடலாமா? இனி இடத்துக்குக் கவலையே இருக்காதே" என்று என் ஆசையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். என் யந்திரம் டிஸ்க்கின் கணக்கைப் பழைய முறையில் எழுதுகிறது. அந்தப் பேரேட்டில் எண் எழுதும் கட்டம் அவ்வளவுதான் அகலம். இரண்டு டெராபைட் சுமாருக்கு மேல் எண்ண வராது. கம்ப்யூட்டர் கிளம்பும் டிஸ்க்காக நாலு டெராபைட்டை வைத்தால் பாதி வீடு பூட்டியே கிடக்கும். அதற்காக மிகவும் சிறியதும் உதவாது. பழைய 320-ஐ அப்படியே பெயர்த்து வைக்க 500 வேண்டும், 240 போதாது. வாங்கிய பிறகு 500 என்பது திரையில் 465 என்று தெரியும், பயந்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக அளக்கிறது, யந்திரம் 1,024 ஆக அளக்கிறது. கடைப்படிக்கும் வீட்டுப்படிக்கும் உள்ள பழைய தகராறுதான்.

மின்சார முனை தனிப் பிரச்னை. சாட்டாவுக்குப் பதினைந்து முனையுள்ள தட்டைச் செருகி வேண்டும். என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது இரண்டே இரண்டு, ஒன்று சி.டி. டிரைவுக்குப் போய்விட்டது. மீதி இருந்ததெல்லாம் நாலு துளைப் பழைய செருகிகள். மாற்றிக் கொடுக்கும் ஒயர் எதிர்க்கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் என்றேன். "அச்சில் வார்த்த மலிவு ஒயரை வாங்காதீங்க. உள்ளே ஒயர் நெருங்கித் தீப்பிடிச்சதை நான் பார்த்திருக்கேன்" என்று சொல்லி, சி.டி. டிரைவின் ஒயரையே பிடுங்கிக்கொள்ளச் சொன்னார். சி.டி.யைத் தொட்டு எனக்கு ஏழு வருஷம் ஆகிறது.

கடைசியில் நிச்சயமானது இரண்டு. கம்ப்யூட்டர் கிளம்பவும் நான் எழுதவும் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. அது இரண்டரை அங்குலம். என் பெட்டியின் கூடு மூன்றரை அங்குலம். நடுவில் ஒரு தகரச் சட்டம். அப்பாவின் பதிவுகளுக்குத் தனியாக, சுழலும் தட்டுள்ள இரண்டு டெராபைட் ஒன்று. அதிலும் இரு ஜாதி உண்டாம். தடங்களை ஓட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வேய்வது ஒன்று. இடம் மிச்சம், ஆனால் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வேய வேண்டும், ஆகவே திருத்தி எழுதும்போது தாமதம். தடங்களைத் தனித்தனியே போடுவது மற்றொன்று. எந்த ஜாதி என்பதைச் சில கம்பெனிகள் சொல்லாமலே விற்றது 2020-இல் வெளியாகிப் பெரிய ரகளையே நடந்தது. "ஒரு தடவை எழுதி எடுத்து வைக்கிறதுக்கு ஓட்டுக் கூரையே போதும். ஆனா நீங்க ரெண்டாவதையே வாங்குங்க. நீங்க எதையும் ஒரு தடவையிலே எழுதி முடிக்கிற ஆளாத் தெரியலை" என்றார். அவர் என் நாவல்களைப் படித்திருக்க நியாயமில்லை.

பழைய டிஸ்க்கை அவர் தம் யந்திரத்தில் மாட்டி, எழுதாமல் படிக்க மட்டும் செய்தார். பரீட்சையில் கெட்டிக்காரப் பையன் தெரிந்த கேள்விகளை எல்லாம் முதலில் எழுதிவிட்டுக் கஷ்டமானவற்றுக்குத் திரும்பி வருவதுபோல, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, அழுகிய பகுதிகளுக்கு அப்புறம் திரும்ப வேண்டுமாம். ஒரு பகலும் இரவும் ஆயின. நான் அந்த மாடிப்படிக்கு எதிரில் ஆறு டீ குடித்தேன்.

நாவல் முழுவதும் வந்துவிட்டது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுப் பதிவுகள் வந்தன. மூன்று வரவில்லை. அந்த ராத்திரி சோதனையை ஓடவிடாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது சார்" என்றார் பெரியவர். சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி பொத்தானை அழுத்தினேன். "ஓடுதா இல்லையான்னே தெரியலையே!" என்றாள் என் மனைவி. எஸ்.எஸ்.டி.க்குச் சத்தம் கிடையாது. கதாநாயகி மாமியாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். பச்சைத் தகட்டை மருமான் கேட்டான். அவனுடைய லேப்டாப்பின் அடித்தகட்டைக் கழற்றி, செருகும் இடத்தில் வெட்டு எத்தனை, எந்தப் பக்கம், உள்ளே எந்த வகை ஓடும் என்று பார்க்கவைத்த பிறகே கொடுத்தேன்.

அன்றிரவு முதல் தடவையாக அப்பாவின் பதிவு ஒன்றைப் போட்டேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எதுவரைக்கும் சொன்னேன்?" என்று கேட்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் மெல்லிய 'ங்' என்ற இரைச்சல் விடாமல் கேட்கிறது. மைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்ததல்லவா? அந்தப் பழைய டிஸ்க்தான்.

வராத மூன்றில் ஒன்று, காவேரியில் வெள்ளம் வந்த வருஷம் அவரும் அவர் தங்கையும் கூரைமேல் இரவைக் கழித்த கதை. தங்கை இருக்கிறாள், எண்பத்திரண்டு வயது, திருவையாற்றிலேயே இருக்கிறாள். போனில் கேட்டேன். "அண்ணன் அதையும் உன்கிட்டச் சொல்லிட்டாரா? அவர் சொன்னது பாதி புளுகுடா. போன்ல எல்லாம் சொல்ல முடியாது, நேரே வா" என்றாள் அத்தை. வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன்.