இறக்குக் கூலி

12.1.2024, வெள்ளி

காலை ஏழு மணிக்கே தேனி நேரு சிலை முக்கில் கால் வைக்க இடமில்லை. மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் வந்து முட்டும் இடம். கரும்பு லாரி, அதன் பின்னால் சின்னமனூர் வாழைத்தார், அதற்கும் பின்னால் எங்கள் மண்டிக்கு வர வேண்டிய பருப்பு லாரி. அது வந்து சேரும்போது மணி பத்து. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்களாம். 2010 கடைசியில் ரயிலை நிறுத்தியபோது ஊரே புலம்பியது. 2022 மே மாதம் அகலப்பாதையில் தேனிக்குத் திரும்பி வந்தது. 2023 ஜூனில் போடி வரை போனது. இப்போது கேட்டில் நின்றுகொண்டு அதே ஊர் புலம்புகிறது.

சிட்டையில் எழுதியது: பருப்பு, மூடை 120. இறக்குக் கூலி, ஆள் 6.

13.1.2024, சனி

வசூலுக்காக முதல் பஸ்ஸில் கம்பம் போனேன். இன்னும் விடியவில்லை. ரோட்டோரம் வரிசையாக ஜீப்புகள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை.

"பொங்கலுக்கு லீவு இல்லையாக்கா?"

"இன்னிக்குச் சம்பளம் வாங்குனாத்தான் தம்பி வீட்டுல பொங்கலே."

வண்டி கிளம்பிவிட்டது.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயல், திராட்சைப் பந்தல், கல்யாண மண்டபம், மறுபடி வயல், அதன் நடுவே கல் ஊன்றிய வீட்டுமனை. 1996இல் தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து வயலுக்குள் கல் நடுவது நிற்கவில்லை.

14.1.2024, ஞாயிறு, போகி

தெருவெல்லாம் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும். டீக்கடை வாசலில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுக் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் லோடுமேன்களில் மூத்தவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"சொந்தச் சொத்தை வித்து அணையைக் கட்டுன மனுசன்."

கணக்கு எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பணம் போட்டது மதராஸ் கவர்மெண்டுண்ணே. அதுக்குக் கணக்கு இருக்கு."

"கணக்குல எழுதலைன்னா நடக்கலைன்னு ஆகிருமா கணக்குப்பிள்ளை? உங்க சிட்டையில எங்க பேரு இருக்கா? மூடை இறங்கலையா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

15.1.2024, திங்கள், பொங்கல்

பிள்ளைகள் கேட்டார்களென்று லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போனோம். கர்னல் பிறந்தது 1841இல் இதே தேதி; அதனால் இங்கே பொங்கலும் அவர் பிறந்தநாளும் ஒன்றாகிவிட்டன. பெண்கள் சிலர் பானை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவில் மின்நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களையும் சின்னவன் எண்ணிக் காட்டினான்.

அணை, விக்டோரியா மகாராணி காலத்து வேலை. 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறந்தார்கள். மேற்கே ஓடிய ஆற்றை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் இந்தப் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. நெல்லைத் தேடி மண்டி வந்தது, மண்டியைத் தேடி ஊர் வந்தது. காட்டுக்குள் சுண்ணாம்பும் கல்லும் சுமந்தவர்களில் எத்தனையோ பேரை மலேரியாவும் காலராவும் கொண்டுபோயின.

அணை வேலை நடந்துகொண்டிருந்த 1889இல், லண்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கேட்டதை வாங்கவும் செய்தார்கள். அந்த ஆறு பென்ஸ் சரித்திரப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பெரியாற்றுக் காட்டில் சுமந்தவன் என்ன கேட்டான் என்பது ஊர் வாயில்கூட இல்லை. மூத்தவர் சொன்னது வரும் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

16.1.2024, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

மண்டி லீவு. பாக்கிக் கணக்கைச் சரிபார்க்கச் சிட்டையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, "ஆள் 6" என்பதற்கு நேரே பெயர்களை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று பெயர்தான் எழுத முடிந்தது. பதினெட்டு வருடமாக இதே மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.