நீர் வடியும் உலர்கண்

குளிர்நாட்டில் வாழும் நாம் வெப்பமூட்டிய அறைகளில் அமர்ந்து மணிக்கணக்காகத் திரையை நோக்குகின்றோம். மாலையில் கண் எரிகின்றது, மணல் விழுந்தாற்போல் உறுத்துகின்றது, நீரும் வடிகின்றது. நீர் வடியும் கண்ணும் உலர்கண்ணாக இருத்தல் கூடும் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

கண்ணீர் வெறும் நீரன்று. எண்ணெய், நீர், சளிப்பொருள் ஆகியவை இணைந்த மெல்லிய படலம். இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் தரும் எண்ணெய் குறைந்தால் அந்நீர் விரைவில் ஆவியாகும். உறுத்தலுற்ற கண் நீரைப் பெருக்கும்; எனினும் அது நிலைப்பதில்லை. திரையை நோக்குகையில் நாம் இமைப்பதும் குறைகின்றது.

நாட்பட்ட இந்நோய் ஒரு குப்பி மருந்தோடு தீர்வதன்று. நாளும் பேணுதல் வேண்டும். இளஞ்சூடான ஈரத்துணியை மூடிய இமைகளின்மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தல் நலம் தரும். செயற்கைக் கண்ணீர்த் துளிகள் நாளுக்கு 4 முறைக்கு மேல் தேவைப்படின், பதனப்பொருள் கலவாதவற்றைத் தெரிந்துகொள்க. வலி மிகுந்தாலோ பார்வை குன்றினாலோ தாமதியாது மருத்துவரை நாடுக.

மாணவச் செல்வங்களே, படிக்கையில் எழுத்து மங்கி, இமைத்தபின் தெளிகின்றதெனில் வீட்டிற் கூறுங்கள். பெற்றோரே, அதனைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். நம் அன்னையரையும் கேட்போம். நடுவயது கடந்த பெண்களிடம் இந்நோய் மிகுதி. வயதின் குறையென்று அவர்கள் சொல்லாமல் பொறுத்த எரிச்சலைத் தணிக்க வழியுண்டு.