இரண்டு கிளப் என்னும் இடுகுறி

காண்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏலம் ஒரு சிறுமொழி. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ ட்ரம்ப் என ஐந்து பெயர்கள். இவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 கூற்றுகள். ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுகளின் சேர்க்கைகளோ 63,500 கோடிக்கும் மேல். சொல் குறைந்த மொழியில் பொருளைப் பங்கிடுவதே பெரும் சிக்கல்.

அச்சிக்கல் மிகுந்து தோன்றுவது, வியப்பாக, மிக நல்ல சீட்டுகள் வரும்போதுதான். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என எண்ணினால் கட்டு முழுவதற்கும் 40 புள்ளிகள். ஏறத்தாழ 12 புள்ளிகள் இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். கூட்டாளியிடம் ஆறு புள்ளிகள்கூட இல்லையெனில் அவர் பாஸ் சொல்வது பொது வழக்கு. 24 புள்ளிகள் வைத்திருப்பவர் ‘ஒரு ஹார்ட்’ என்கிறார். மூன்று புள்ளிகள் வைத்திருக்கும் கூட்டாளி பாஸ் சொல்கிறார். இருவரிடமும் சேர்த்து 27. ‘கேம்’ என்னும் பெரிய பரிசுக்கு 25 அளவே போதும். இருவரும் உண்மையே பேசினர். ஆயினும் ஏலம் பாழாயிற்று.

1925இல் இவ்வாட்டத்தின் புள்ளிமுறையை வகுத்த ஹரால்டு வாண்டர்பில்ட், வலிய கைகளுக்கு ‘ஒரு கிளப்’ என்பதையே குறியாக்கினார். கல்பர்ட்சன் முறையில் எந்த இனத்தில் ‘இரண்டு’ என்று தொடங்கினாலும் அது பெருவலிமையைக் குறித்தது. ஆனால் 22 புள்ளிகளோ அதற்கு மேலோ ஆயிரம் கைகளில் ஏறத்தாழ நான்கில்தான் அமையும். அரிதாக நிகழ்வதற்கு நான்கு கூற்றுகளை ஒதுக்குவது ஊதாரித்தனம். ஆகவே இன்று பலரும் ‘இரண்டு கிளப்’ ஒன்றை மட்டும் வலிமைக்கு வைத்து, ஏனைய மூன்றையும் ஆறு சீட்டு நீளமுள்ள மெலிந்த கைகளுக்கு விட்டுவிட்டனர். அடிக்கடி வேண்டுவதற்கே சொல்வளம் சேரும் என்பது மொழிகளின் பொது இயல்பு.

நன்னூலார் வகைப்பாட்டில் இது இடுகுறி. சொல்பவர் கையில் ஒரு கிளப் சீட்டும் இல்லாதிருக்கலாம். கூட்டாளி சொல்லும் ‘இரண்டு டைமண்ட்’டும் பெரும்பாலும் டைமண்டைப் பற்றியதன்று, ‘கேட்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதே அதன் பொருள். இரண்டாம் படியின் மிகத் தாழ்ந்த கூற்றே மிக வலிய கைக்கு வாய்த்ததற்கும் காரணம் உண்டு: நிறையச் சொல்ல வேண்டியவருக்கு நிறைய இடம் வேண்டும். எதிரணியினர் இடையில் உயரத் தாவுவது அந்த இடத்தைப் பறிப்பதற்கே.

இவ்வொப்பந்தம் மறைமொழியாக இருத்தல் கூடாது; எதிரணியினர் கேட்டால் பொருளை விளக்கியாக வேண்டும். குரலின் ஏற்றமோ தயக்கமோ கூட்டாளிக்குச் செய்தியாகலாகாது. அதனால் போட்டிகளில் அட்டைகளை எடுத்துவைத்தே ஏலம் பேசுகின்றனர். உயர்நிலைப் போட்டிகளில் கூட்டாளிகளுக்கு இடையே திரையும் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை இந்தியாவுக்குத் தங்கம் வென்றது இவ்வாட்டத்தில்தான். அப்போது ஒருவருக்கு அறுபது வயது, மற்றவருக்கு ஐம்பத்தாறு.

‘இரண்டு கிளப்’ கேட்டதும் ஒரு புள்ளியும் இல்லாத கூட்டாளி பாஸ் சொல்லத் துடிப்பார். சொல்லலாகாது. தம் கை வெறுமையாயினும் எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை உரையாடலைத் தாங்குவதே அவர் கடமை. வலியவர் கூற்றுக்குப் பொருள் தருவது அந்த வெறுங்கையரின் நம்பிக்கை.