நூற்று ஐந்து

2022 ஜூனில், தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அவன் என் மூன்றாம் வகுப்பில் இருந்தான். ஒன்றாம் வகுப்பையே பார்க்காத பிள்ளை. கொரோனாவுக்கு மூடிய பள்ளி 2021 நவம்பர் 1-இல் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவன். இதை எனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. அவனிடம் நான் கூடுதல் பொறுமை காட்டியிருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒருநாள் எண்களைச் சொல்லி எழுதச் சொன்னேன். ‘நூற்று ஐந்து.’ சிலேட்டில் 1005 என்று எழுதினான். அழித்து எழுதச் சொன்னேன். மறுபடியும் 1005. ‘காது எங்கடா இருக்கு?’ என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன். 105-ஐ ஐம்பது முறை எழுதிவரச் சொன்னேன். அழகாக எழுதி வந்தான். மறுநாள் ‘நூற்று ஏழு’ என்றேன். 1007.

அவன் காதில் ஒரு குறையும் இல்லை. நூறு என்று கேட்டது, 100 போட்டான். ஐந்து என்று கேட்டது, பக்கத்தில் 5 போட்டான். நம் பழைய தமிழ் எண்ணில் அப்படித்தான் எழுதினார்கள். ௱ போட்டு அருகில் ௫ போட்டால் ௱௫, நூற்று ஐந்து. நாம் இன்று எழுதும் முறையில் இடத்துக்கு மதிப்பு உண்டு. அதை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. எழுத மட்டும் வைத்தேன்.

இடமதிப்பு அட்டைகள் பீரோவில் இருந்தன. 100 அட்டையின் கடைசிப் பூஜ்யத்தை மறைத்து 5 அட்டையை வைத்தால் 105. பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. இருபது வருடச் சர்வீஸ். அட்டை வைத்து விளையாடுவதெல்லாம் புதிதாக வந்த டீச்சர்களுக்கு என்று நினைத்தேன். திமிர்தான்.

திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புக்குரியது மலர். மதிப்பீட்டு நாளில் பிள்ளை செல்போனில் விடையைத் தானே தொட வேண்டும். இருநூற்று ஆறு எது என்று கேள்வி. அவன் விரல் 2006-க்கு மேல் போய் நின்றது. அந்த விரலை விலக்கிவிட்டு நான் 206-ஐத் தொட்டேன். அடுத்த கேள்விக்கு அவன் விரலை நீட்டவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான். மீதியையும் நானே தொட்டேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து வகுப்பைவிட என் வகுப்பில் மலர் குறைந்துவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அதன்பிறகு அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல். 204-இல் 98 போனால்? இடமே தெரியாதவன் பூஜ்யத்திடம் போய் எதைக் கடன் வாங்குவான்? சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான். எனக்கு அது தெரியும். தெரிந்தே சரி போட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு சிறுமி 307-ஐ 3007 என்று எழுதினாள். அன்றுதான் அந்த உறையைப் பிரித்தேன். மூன்றே நாளில் அவளுக்குப் பிடிபட்டது. அவன் அப்போது அடுத்த அறையில், நான்காம் வகுப்பில். கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். மலர் முடித்த பையனுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்பார்களே! கூப்பிடவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அவன் அம்மா நோட்டோடு வந்தார். பக்கம் பக்கமாகச் சிவப்பு.

‘உங்ககிட்ட இருந்தப்ப நல்லாப் போட்டானே டீச்சர். மலர்னு நீங்கதானே சொன்னீங்க? வேணும்னே பண்றான்னு நேத்து வெளக்கமாத்தாலயே அடிச்சுட்டேன்.’

அவன் அம்மாவின் பின்னால் நின்றிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

‘கவனம் பத்தலைம்மா, வீட்டுல உட்கார வெச்சுப் பழக்குங்க’ என்றேன்.