முள் காட்டிய குறை

மூன்று வாரமாக என் மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க் இறங்கினால் சட்டென்று எழவில்லை. சிலிம் ரிவரில் எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில், முதல் பள்ளத்தின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அடுத்த அடிகள் நேராக என் மணிக்கட்டுக்கு வந்துவிடும். ஒரு இறக்கத்தில் முன்சக்கரம் துள்ளி விலகி, கால்வாய் ஓரத்தில் போய்த்தான் நின்றேன். அன்றைக்குப் பயம் வந்தது.

காற்று கசிகிறது என்று முடிவு கட்டினேன். ஷாக் பம்பால் 80 பிஎஸ்ஐ அடித்து வைப்பேன். மறுநாள் பம்பை மாட்டினால் முள் 70-இல் நிற்கும். கழற்றும்போது 'புஸ்' என்ற சத்தம் வேறு. புது ஃபோர்க் என்றால் என் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். தவணையில் எடுக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார். "என்னடா, தெனமும் காத்தடிக்கிற?"

சொன்னேன். அந்தச் செம்பனைக் காடு ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கே பால்மரம் சீவியவர் அவர். "பால் கொறஞ்சா ஒடனே மரத்தையா சாய்ப்பாங்க? மொதல்ல கத்தியப் பாரு, அப்புறம் பட்டையப் பாரு" என்றார்.

என் கத்தி, பம்புதான். 80 அடித்துக் கழற்றி, இரண்டே நிமிடத்தில் மறுபடி மாட்டினேன். முள் 70. இரண்டு நிமிடத்திலும் அதே குறைவு, ஒரு நாள் கழித்தும் அதே குறைவு என்றால் அது கசிவு இல்லை. மாட்டும்போது ஃபோர்க்கின் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாயை நிரப்பப் போகிறது, அவ்வளவுதான். 'புஸ்' என்பதும் அந்தக் குழாயில் மிஞ்சிய காற்று.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை இந்த ஊர் வழியாகத் தெற்கே இறங்கியபோது அவர்களில் பலர் சைக்கிளில் வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தச் சைக்கிளில் குறை காதுக்கே கேட்டிருக்கும். இதில் எல்லாம் குழாய்க்குள். ஒவ்வொன்றாக விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றை முழுக்க வெளியேற்றினேன். இனி கையால் அழுத்தினாலே வழுக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லை, முனகியது. அச்சைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தேன். அப்போதும் அப்படித்தான். மேலெழும் வேகத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திறந்தேன். மாற்றமில்லை. மிஞ்சியது உராய்வு மட்டும்.

பளபளப்பான இரண்டு மேல்குழாய்கள் கீழ்க்கால்களுக்குள் ஏறி இறங்குகின்றன. கீழ்க்காலின் வாயில் தூசியைத் தடுக்கும் ரப்பர் சீல், அதற்கடியில் எண்ணெய் குடித்த பஞ்சு வளையம், அடியில் கொஞ்சம் எண்ணெய். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்க்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. நான் இரண்டு வருடமாகத் திறக்கவில்லை.

அடி போல்டுகளைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கீழ்க்கால்களை உருவினேன். எண்ணெய் வரவில்லை. தே தாரிக் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

அப்பா எட்டிப் பார்த்தார். "தண்ணி எப்படிடா உள்ள போச்சு?"

பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டர் கழுவும் கடையில் ஜெட் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடித்துச் சேற்றை விரட்டியவன் நான். சைக்கிளைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்ற பெருமை வேறு.

"ஈரப் பட்டையில சீவக் கூடாது. தண்ணி பாலையும் கெடுக்கும், பட்டையையும் கெடுக்கும்" என்றார். மழை பெய்தால் அன்றைய கூலியும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

உட்புறத்தைத் துடைத்தேன். அப்பா நகத்தை மேல்குழாய்களில் மெதுவாக ஓட்டிக் கீறல் தேடினார். இல்லை. பஞ்சு வளையங்களை ஃபோர்க் எண்ணெயில் ஊறவைத்து, இரு கால்களிலும் குறிப்பிட்ட அளவு புது எண்ணெய் ஊற்றி, புது வாஷர் போட்டு முறுக்கினேன். எண்ணெய்க்கும் வாஷருக்கும் ஆன செலவு தவணைக் கணக்கின் பக்கத்திலேயே வராது. டேம்பருக்குள் சீல் போயிருந்தால் இது வீட்டில் முடிந்திருக்காது. கடைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அதே இறக்கத்தில் இறங்கினேன். முன்சக்கரம் மண்ணை விடவில்லை. திரும்பி வந்தபோது அப்பா வாசலில் இருந்தார்.

"எழும்புதா?"

"எழும்புதுப்பா."

வாளியில் தண்ணீரும் பழைய துணியும் எடுத்து வைத்திருந்தார்.