அஞ்சு மாசத்தில் திரும்பி வந்தவன்

எங்கள் தலைமுறைக்குக் கால்பந்து என்றால் மரடோனாதான். 1986-ல் மெக்சிகோவில் உலகக் கோப்பை நடந்தபோது கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டிவி. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பக்கத்து வீட்டுத் திண்ணை தாண்டி கூடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தோம். இங்கிலாந்துக்கு எதிராகப் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுபோய் அவர் அடித்த கோலை, மறுநாள் மில்லில் டீ நேரத்தில் ஆளாளுக்கு நடித்துக் காட்டினோம். அவர் தாண்டிப் போன அந்த இங்கிலாந்துக்காரர்கள் யார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தடுக்க நின்றவனின் பெயர் யாருக்கு வேண்டும்?

இன்றைக்கு எழுதப்போவது அப்படித் தடுக்க நிற்கும் ஒருவரைப் பற்றி. கூடவே என் வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கே ஒரு காலி மனை இருந்தாலும் அங்கே வடக்கத்திப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். பீகார் பையன்கள் என்றால் பெரும்பாலும் கிரிக்கெட். அசாம், மணிப்பூர், வங்காளத்துப் பையன்கள் என்றால் ஃபுட்பால். ரிட்டையர் ஆன பிறகு நடைப்பயிற்சி என்று கிளம்பி அங்கே போய் நின்றுவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு அசாம் பையன் மஞ்சள் சட்டை போட்டிருப்பான். முதுகில் 21. ஒருநாள், "யாருடைய நம்பர் தம்பி இது?" என்று கேட்டேன். "ஜிங்கன், அங்கிள். டிஃபென்டர். நம்ம இந்தியாவுல நம்பர் ஒன்" என்றான், பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக. கோல் அடிப்பவன் பெயரைப் போடாமல், தடுப்பவன் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட ஒருத்தனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு செய்தித்தாளில் அந்தப் பெயர் வந்தால் படிப்பேன். சந்தேஷ் ஜிங்கன் 1993-ல் சண்டிகரில் பிறந்தவர். 2011-ல் வீட்டை விட்டுக் கிளம்பி, பாய்ச்சுங் பூட்டியா தொடங்கிய யுனைடெட் சிக்கிம் அணிக்குப் போனார். பஞ்சாபிலிருந்து சிக்கிம் என்பதே பாதி வெளிநாடு மாதிரிதான். 2014-ல் ஐ.எஸ்.எல். போட்டிகள் தொடங்கியபோது கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை எடுத்தது. முதல் வருடமே அந்தப் போட்டியின் வளரும் வீரர் விருது கிடைத்தது. பிறகு கேப்டனும் ஆனார். கொச்சி ஜனங்கள் அவரைத் தங்கள் ஊர்ப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார்கள். 2020-ல் அவர் அங்கிருந்து விலகியபோது 21-ஆம் எண்ணை இனி யாருக்கும் தரமாட்டோம் என்று கிளப் அறிவித்தது.

டிஃபென்டருடைய நல்ல நாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் இந்தியா தோகாவுக்குப் போய் கத்தாருடன் ஆடியது. கத்தார் அப்போது ஆசிய சாம்பியன். சுனில் சேத்ரி அன்று இல்லை. ஆட்டம் முடிந்தபோது 0-0. கோல் கீப்பர் குர்பிரீத்தும், அவருக்கு முன்னால் ஜிங்கனும் மற்றவர்களும் தொண்ணூறு நிமிடம் நின்று காத்த பூஜ்ஜியம் அது. நாட்டில் கால்பந்து பார்க்கிறவர்கள் அதை வெற்றி மாதிரியே கொண்டாடினார்கள். அடுத்த மாதமே ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் முழங்கால் தசைநார் போய்விட்டது. ஒரு சீசன் முழுக்க வெளியே.

காலைச் சரிசெய்துகொண்டு அவர் 2020-ல் கொல்கத்தா ஏ.டி.கே. மோகன் பகானில் சேர்ந்தார். அதே வருடம் அர்ஜுனா விருதும் கிடைத்தது. 2021 மார்ச்சில் அவருடைய அணி இறுதி ஆட்டம் வரை போய் மும்பையிடம் தோற்றது. அந்த சீசனுக்கு இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று அகில இந்திய சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. இங்கே இதற்கு மேல் ஏற ஏணி இல்லை. ஆகஸ்டில் குரோஷியாவுக்குக் கிளம்பிவிட்டார்.

குரோஷியா சின்ன நாடு. மொத்த ஜனத்தொகை நாற்பது லட்சத்துக்குள். நம் சென்னையைவிடக் குறைவு. ஆனால் 2018 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போன நாடு. அட்ரியாடிக் கடலோரம் ஷிபெனிக் என்று ஒரு ஊர். அந்த ஊர் கிளப், நாட்டின் முதல் டிவிஷனில் இருந்தது. அங்கே ஒப்பந்தமான முதல் இந்தியர் ஜிங்கன். அப்போது இந்திய அணிக்குக் கோச்சாக இருந்த இகோர் ஸ்டிமாக்கும் குரோஷியாக்காரர்தான். அவரும் டிஃபென்டராக இருந்தவர். இங்கிலாந்தில் டெர்பி கவுன்டிக்கு ஆடி, 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் நின்றவர்.

வெளிநாடு போகும் டிஃபென்டருக்கு, கோல் அடிக்கப் போகிறவருக்கு இல்லாத ஒரு கஷ்டம் உண்டு. கோல் அடிப்பவர் பாஷை தெரியாமலும் காலால் பிழைத்துக்கொள்வார். நடுவில் நிற்கும் டிஃபென்டர் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "முன்னே வா, பின்னே போ, உன் இடது பக்கம் ஆள்" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கத்தவேண்டும். நாலு பேரும் ஒரே கோட்டில் ஏறி ஒரே கோட்டில் இறங்கினால்தான் எதிரியை ஆஃப்சைடில் மாட்டவைக்க முடியும். ஒருவர் ஒரு அடி தாமதித்தால் கோல். அதனால் நன்றாகப் பழகிய ஜோடியைக் கோச்சுகள் லேசில் பிரிக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சியில் உயிரைக் கொடுத்துத்தான் இடம் வாங்க வேண்டும்.

அந்தப் பயிற்சியிலேயே ஜிங்கனின் கெண்டைக்கால் தசை போய்விட்டது. முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே. வாரங்கள் மாதங்களாயின. 2022 ஜனவரியில் மறுபடி கொல்கத்தா கிளப்புக்கே திரும்பி வந்தார். குரோஷியாவில் அவர் ஆடிய போட்டி ஆட்டங்கள் பூஜ்ஜியம்.

செய்தித்தாளில் அதைப் படித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அஞ்சு மாசம்.

என் பெரியவனும் அப்படித்தான் வந்தான். 2009-ல்.

ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர் அவன். இங்கே ஒரு ரோலிங் மில்லில் மூன்று வருட அனுபவம். வளைகுடாவில் ஒரு பைப் லைன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்ட் மூலம் தெரிந்தது. அவன் அம்மாவின் வளையல்களை அடகு வைத்தோம். மீதிக்கு மூன்று வட்டிக்கு வாங்கி அனுப்பினோம். மீனம்பாக்கத்துக்கு வேன் பிடித்து உறவுக்காரர்கள் எல்லோரும் போய் வழியனுப்பினோம். தெரு முழுக்க நானே சொல்லிவைத்திருந்தேன், "ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்" என்று.

போன ரெண்டாவது மாதம் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து தோள்பட்டை போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கொஞ்ச நாள் ஸ்டோரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பிறகு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதிகாலை யூனிட் வண்டியில் ஒற்றைக் கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கவரைப்பேட்டையில் இறங்கி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தது நான்தான். அவன் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை: "அதுக்குள்ள வந்துட்டியா?"

வலிக்குதா என்று கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்து அதைக் கேட்டது அவன் அம்மா.

அடுத்த சில மாதங்கள் தெருவில் என்னை நிறுத்தி, "என்ன சார், பையன் லீவுல வந்திருக்கானா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, லீவுதான்" என்று பொய் சொன்னேன். அவன் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் தப்பு செய்யவில்லை. வேலை செய்யப் போனான், வேலையில் அடிபட்டான், வந்தான். எனக்குக் கெட்டுப்போனது என் கணக்கு. அந்தக் கோபத்தை அவன் மேல் காட்டினேன். வாயால் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமலே இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் முப்பத்தோரு வருடம் பார்த்தது மெயின்டெனன்ஸ் வேலை. டிஃபென்டரின் வேலைதான் அது. மில் ஓடும்வரை உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பேரிங் சூடாவதைக் கையை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்து மாற்றிவிட்டால் அதற்குக் கணக்கு கிடையாது, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. லைன் நின்றுபோனால் மட்டும் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை வந்து சுற்றி நின்றுகொள்வார்கள். "நடக்காத பிரேக்டவுனுக்கு யாருய்யா இன்சென்டிவ் கொடுப்பான்?" என்று நானே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் மகனை எதை வைத்து அளந்தேன்? எத்தனை மாதம் இருந்தான், எத்தனை ரூபாய் அனுப்பினான் என்ற எண்ணை வைத்து.

ஜிங்கனையும் அப்படி அளந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் வந்ததும் ஆட ஆரம்பித்துவிட்டார். 2022-ல் பெங்களூரு அணிக்குப் போய் அந்த வருடமே டூரண்ட் கோப்பை ஜெயித்தார். பிறகு கோவா போனார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி, சிரியாவுடன் ஆடும்போது மறுபடி முழங்காலில் அடிபட்டது. அதிலிருந்தும் எழுந்து வந்தார். அந்தப் பூஜ்ஜியத்தோடு அவர் கதை முடிந்துவிடவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஜிங்கனுக்குத் திரும்பி வர ஒரு கிளப் இருந்தது, டாக்டர் இருந்தார். என் மகனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய வட்டி இருந்தது. ஆறு மாதம் தோளுக்கு எண்ணெயும் கட்டுமாக இருந்து, பிறகு ஒரு லேத் பட்டறையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, நாலு வருடத்தில் கடனை அவனே அடைத்தான். அம்மாவின் வளையலை மீட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தபோதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. இரண்டாவது தடவை ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயித்தது நினைவிருக்கும். பெங்களூருவில் அவர்கள் மைதானத்திலேயே 3-2. அதில் இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியது. அவர் பிரேசில்காரர், அவரும் டிஃபென்டர்தான். வீடு வாசலை விட்டு உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து நம்மிடம் பிழைக்க வந்தவர். நாம் கைதட்டினோம். அந்த இரண்டு கோல் இல்லாமல் போயிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? சிப்காட்டில் பந்து உதைக்கும் பையன்களும் அப்படி வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவன் கட்டோடு ஊர் திரும்பினால், அங்கேயும் ஒரு அப்பா கதவைத் திறப்பார்.

அன்று சாயங்காலம் மகனிடம் ஜிங்கன் கதையைச் சொன்னேன். பேப்பரையும் காட்டினேன். முழுக்கப் படித்தான். பிறகு, "அது சரிப்பா, எனக்கு யாரு ஜெர்சி நம்பர் குடுத்தா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் கேட்டான்: "இத்தனை வருஷம் கழிச்சு ஏன்பா இப்போ சொல்றே?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ போடச் சொல்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். நம் காலத்து அப்பாக்களுக்கு மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லை. நான் எழுதுவதை அவன் போனில் படிக்கிறான் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீ சீக்கிரம் வந்துவிடவில்லை ராஜா. அடிபட்டு வந்தாய். அன்றைக்கு அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் தெருவிலும் யாராவது ஒரு பிள்ளை, சொன்ன தேதிக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்குவான். ஏன் வந்தாய் என்பதை அவனே ஒருநாள் சொல்வான். முதலில் சாப்பிட்டானா என்று கேளுங்கள்.