ஒரு புள்ளிக்கும் கணக்கு உண்டு

காற்பந்து முடிவை வானொலியில் சொல்வது சுலபம். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்குப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடலாம். ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று எண்கள் வாசிக்க வேண்டும். "காலிங்வுட் ஐந்து, பதினொன்று, நாற்பத்தொன்று. செயின்ட் கில்டா இரண்டு, நான்கு, பதினாறு." முதல் எண் கோல்கள். இரண்டாவது, கோலுக்கு மிக அருகில் போய்த் தவறிய உதைகள். மூன்றாவது, மொத்தப் புள்ளிகள்.

தவறியதையும் எண்ணி ஊருக்கே அறிவிக்கும் இந்த வழக்கம், அறிவிப்பாளராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அது எப்படி வந்தது என்று தேடியபோது 1897-ஆம் ஆண்டில் போய் நின்றேன்.

மேலே நான் வாசித்த முடிவு அந்த ஆண்டைச் சேர்ந்ததுதான். 1897 மே 8, சனிக்கிழமை. மெல்பர்னின் விக்டோரியா பார்க் திடல். விக்டோரியா காற்பந்து லீக்கின் முதல் நாள். இன்று ஆஸ்திரேலியா முழுவதும் பார்க்கும் ஏ.எஃப்.எல். போட்டியின் பிறந்த நாளும் அதுவே. அப்போது ஆஸ்திரேலியா என்ற நாடே இல்லை. விக்டோரியா ஒரு பிரிட்டிஷ் காலனி. தனித்தனியாக இருந்த காலனிகள் ஒன்றுசேர்ந்து ஒரு நாடானது 1901-இல்.

ஆட்டம் அதற்கும் மூத்தது. 1858-இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடல் தளர்ந்துவிடாமல் இருக்க ஒரு காற்பந்துக் கிளப் வேண்டும் என்பது அவர் யோசனை. மறு ஆண்டே மெல்பர்ன் கிளப் விதிகளை எழுதிவிட்டது. கிரிக்கெட் திடலிலேயே ஆடுவதால் ஆடுகளம் நீள்வட்டம். பந்தும் முட்டை வடிவம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். திடலின் இரு முனைகளிலும் வரிசையாக நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல். அவற்றுக்கு வெளியே, குட்டைக் கம்பம் வரையுள்ள இடைவெளியில் போனால் அதற்கு 'பிஹைண்ட்' என்று பெயர்.

1897-க்கு முன்பு விக்டோரியாவில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது கோல் மட்டுமே. பிஹைண்ட் எத்தனை என்று பத்திரிகைகள் போடும். ஆனால் முடிவில் அதற்கு மதிப்பில்லை. நான்கு கோல் அடித்த குழு, மூன்று கோலும் பன்னிரண்டு பிஹைண்டும் எடுத்த குழுவை வென்றுவிடும். புதிய லீக் இதை மாற்றியது. கோலுக்கு ஆறு புள்ளி, பிஹைண்டுக்கு ஒரு புள்ளி. இன்றுவரை அதே கணக்குதான்.

எனக்கு இதில் பிடித்தது அந்த விகிதம். தவறியதும் கோலும் ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆறுதல் பரிசும் கொடுக்கவில்லை. "இவ்வளவு தூரம் பந்தைக் கொண்டுவந்தாய், அதற்கு விலை ஆறில் ஒன்று" என்று கறாராகக் கணக்குப் போட்டார்கள். எஸ்பிஎம் முடிவுகள் வெளியாகும் நாளில் எங்கள் நிலையத்துக்கு அழைக்கும் பெற்றோரை நினைத்துக்கொள்வேன். "எத்தனை ஏ?" என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஏ-க்கு ஒரு படி கீழே நின்ற பாடங்களுக்கு, அந்தப் பிள்ளை தூங்காமல் படித்த இரவுகளுக்கு, எந்தப் பலகையிலும் எண் கிடையாது.

ஆனால் 1897-இன் கதையை இதோடு நிறுத்தினால் அது பாதிக் கதை.

இந்த லீக் பிறந்தது பெருந்தன்மையால் அல்ல, பணத்தால். அதற்கு முன் 1877 முதல் விக்டோரியா காற்பந்துச் சங்கம் என்ற அமைப்பு போட்டிகளை நடத்திவந்தது. 1896-இல் அதில் 13 குழுக்கள். பொருளாதாரம் சரிந்து, 1893-இல் வங்கிகள் வரிசையாக மூடப்பட்டு, மெல்பர்ன் இன்னும் எழுந்து நிற்காத காலம் அது. பெரிய குழுக்கள் மோதினால்தான் திடல் நிறையும், டிக்கெட் வசூலாகும். சங்கத்திலோ பெரிய குழுவுக்கும் சிறிய குழுவுக்கும் ஒரே ஓட்டு. வசூலில் பங்கு வேண்டும் என்றன சிறியவை. நாங்கள் சம்பாதிப்பதை நாங்கள் ஏன் பகிர வேண்டும் என்றன பெரியவை.

1896 அக்டோபர் 2-ஆம் தேதி பெரிய குழுக்கள் கூடிப் பேசித் தனியாகப் பிரிய முடிவெடுத்தன. காலிங்வுட், எசென்டன், ஃபிட்ஸ்ராய், ஜீலாங், மெல்பர்ன், சவுத் மெல்பர்ன் என ஆறு குழுக்கள். கூடவே கார்ல்டனையும் செயின்ட் கில்டாவையும் அழைத்துக்கொண்டன. இந்த இரண்டும் அப்போது ஆட்டத்தில் பலவீனமானவைதான். ஆனாலும் கதவு திறந்தது.

வெளியே நின்றவை ஐந்து: நார்த் மெல்பர்ன், ரிச்மண்ட், ஃபுட்ஸ்கிரே, போர்ட் மெல்பர்ன், வில்லியம்ஸ்டவுன். தவறிய உதைக்கும் புள்ளி கொடுத்த அதே ஆட்கள், இந்த ஐந்து குழுக்களுக்கும் ஆட இடம் கொடுக்கவில்லை.

முதல் பருவம் எளிமையானது. எட்டுக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டங்கள், ஒரு பக்கத்துக்கு 20 ஆட்டக்காரர்கள். அதன்பின் முதல் நான்கு குழுக்கள் தங்களுக்குள் ஒரு சுற்று மோத வேண்டும். இன்று லட்சம் பேர் கூடும் மாபெரும் இறுதியாட்டம் என்பது அந்த ஆண்டு கிடையாது. அது மறு ஆண்டுதான் வந்தது. எசென்டன் தன் மூன்று ஆட்டங்களையும் வென்று முதல் வெற்றியாளரானது. அதில் மெல்பர்னை வென்ற ஆட்டத்தின் முடிவைக் கேளுங்கள்: எசென்டன் ஒன்று, எட்டு, பதினான்கு. மெல்பர்ன் பூஜ்யம், எட்டு, எட்டு. ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு கோல். மற்றபடி இரு பக்கமும் எட்டெட்டுப் பிஹைண்டுகள். கோப்பைக்கான கட்டத்தில் இவ்வளவு குறைந்த புள்ளியில் யாரும் அதன்பின் வென்றதில்லை.

பட்டியலின் அடியில் செயின்ட் கில்டா. 14 ஆட்டங்கள், 14 தோல்விகள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 1898-லும் எல்லா ஆட்டத்திலும் தோல்வி. 1899-லும் அப்படியே. மொத்தம் தொடர்ச்சியாக 48 தோல்விகள். 1899-இல் ஜீலாங்குக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜீலாங் 162 புள்ளிகள் எடுக்க, செயின்ட் கில்டா எடுத்தது ஒன்று. ஒரு கோல் அல்ல, ஒரு பிஹைண்ட். அந்த லீக்கின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளி அதுதான்.

1900-இன் முதல் ஆட்டம் மெல்பர்ன் குழுவுடன். சமநிலையில் முடிந்தது. செயின்ட் கில்டா விடவில்லை. மூன்றாம் கால் பகுதி முடிந்து மணி அடித்த பிறகு எதிரணிக்கு ஒரு பிஹைண்ட் கொடுத்துவிட்டார்கள் என்று லீக்கிடம் முறையிட்டது. முறையீடு ஏற்கப்பட்டது. அந்த ஒரு புள்ளி கழிக்கப்பட, நான்காவது ஆண்டில் செயின்ட் கில்டாவுக்கு முதல் வெற்றி கிடைத்தது.

இந்தக் குழுவின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 2010-இல் நான் மெல்பர்னில் ஊடகப் படிப்பு படித்தபோது தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு செயின்ட் கில்டா ரசிகை. எழுபது வயதைத் தாண்டியவர். குளிர்காலம் முழுவதும் சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கழுத்துத் துண்டுடன்தான் இருப்பார். அந்தக் குழு வாழ்நாளில் வென்றது ஒரே ஒரு கோப்பை, 1966-இல். அன்று திடலில் இருந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேரில் அவரும் ஒருவர். எதிரி காலிங்வுட். ஆட்டம் முடியும் தறுவாயில் புள்ளிகள் சமம். பேரி பிரீன் என்ற ஆட்டக்காரர் உதைத்த பந்து தள்ளாடித் தள்ளாடிப் போய்ப் பிஹைண்ட் ஆனது. 74-க்கு 73. ஒரு புள்ளியில் கோப்பை.

"கோல் அடிக்கத்தான் உதைத்தார். தவறியது. தவறியதால்தான் ஜெயித்தோம்" என்று அந்தம்மா சொல்லும்போது நாற்பத்து நான்கு வருடம் பழைய சிரிப்பு அவர் முகத்தில் வரும்.

அந்த 2010 செப்டம்பரில் மறுபடி இறுதியாட்டம், மறுபடி காலிங்வுட். வரவேற்பறையில் அவரும் நானும். கடைசி நிமிடங்களில் செயின்ட் கில்டா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. லெனி ஹேய்ஸ் தூரத்திலிருந்து உதைத்தார். கோலுக்கு முன்னால் ஆளே இல்லாத இடத்தில் பந்து விழுந்தது. ஸ்டீபன் மில்ன் ஓடினார். முட்டைப் பந்தாயிற்றே, அவர் கைக்கு வராமல் பக்கவாட்டில் துள்ளிப் பிஹைண்டுக்குள் போய்விட்டது. 68-க்கு 68. சமநிலை. திடலில் ஆட்டக்காரர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். "அடுத்த சனிக்கிழமை வா, இன்னொரு தடவை ஆடுவார்கள்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 2. 56 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்த வாரமே அவர் மறு ஆண்டுக்கான கிளப் சந்தாவைக் கட்டினார்.

அவர் அன்று சொன்ன "அடுத்த சனிக்கிழமை" எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் முழுசாக விளங்கியது. நான் வானொலியில் தொடங்கியது நள்ளிரவு முதல் அதிகாலை வரையிலான நேரத்தில். லாரி ஓட்டுநர்களும் மருத்துவமனைத் தாதியரும் கேட்கும் நேரம். ஒன்றரை வருடம் அதே நேரம். பகல் நேரத்துக்கான தேர்வுகளில் மூன்று முறை இரண்டாவதாக வந்தேன். அந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டது பாராட்டு அல்ல. "உன் குரல் நன்றாயிருக்கிறது" என்று பலர் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேவைப்பட்டது அடுத்த தேர்வுக்கான அழைப்பு. பட்டியலில் என் பெயரை விட்டுவைத்த ஒரு மேலதிகாரி இருந்தார். நான்காம் முறை காலை நிகழ்ச்சி கிடைத்தது.

செயின்ட் கில்டாவுக்குக் கிடைத்ததும் அதுதான். 48 முறை தோற்றும் 49-ஆம் சனிக்கிழமை திடலுக்கு வர அதற்கு அனுமதி இருந்தது. அந்த ஒரு புள்ளிக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். உள்ளே இருப்பவர் தவறினால் அது பிஹைண்ட். வெளியே நிற்பவர் எவ்வளவு நன்றாக உதைத்தாலும் அதற்கு எண்ணே இல்லை.

வெளியே விடப்பட்ட ஐந்தின் கதையைப் பாருங்கள். ரிச்மண்ட் 1908-இல் உள்ளே வந்தது. நார்த் மெல்பர்னும் ஃபுட்ஸ்கிரேயும் 1925 வரை காத்திருந்தன. ஃபுட்ஸ்கிரே 1954-இல் கோப்பையைத் தூக்கியது. ரிச்மண்ட் 2017, 2019, 2020 என்று நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வென்றது. திறமை இல்லாததால் வெளியே நின்றவை அல்ல இவை. மறுபக்கம், பணத்துக்காக வேலி போட்ட ஆறில் ஒன்றான ஃபிட்ஸ்ராய், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1996-இல் பணமில்லாமல் பிரிஸ்பன் குழுவோடு இணைக்கப்பட்டது. வேலி அதைக் காப்பாற்றவில்லை.

நம் பிள்ளைகளுக்கும் வேலையிடத்து இளையவர்களுக்கும் ஏ-க்கு அருகில் வந்ததற்கு ஒரு புள்ளி போட நாம் பழகலாம். அது நல்ல பழக்கம். அதைவிட முக்கியம், அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

போர்ட் மெல்பர்னும் வில்லியம்ஸ்டவுனும் கடைசிவரை அந்தப் பெரிய லீக்குக்குள் வரவே இல்லை. இரண்டு குழுக்களும் இன்றும் மாநில அளவிலான போட்டியில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அங்கேயும் முடிவை மூன்று எண்களாகத்தான் வாசிக்கிறார்கள்.